147573952589676412927: ஓர் எண்ணின் வரலாறும் சான்றின் தரமும்

முன்னுரை

6 என்னும் எண் 2, 3 ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்பது எக்காலத்தும் எந்நாட்டிலும் மாறாத உண்மை. இத்தகைய உண்மைகளுக்குத் தோற்றமும் இல்லை, மறைவும் இல்லை. ஆயினும், அவற்றை மனிதர் அறிந்துகொண்டது எப்போது, எவ்வழியில், எத்தகைய சான்றின் துணையுடன் என்னும் வினாக்களுக்கு வரலாறு உண்டு. அவ்வரலாறு கணிதவியலர்க்கு மட்டுமன்றி, நூல்களையும் ஆவணங்களையும் சான்றுகளாகக் கொண்டு ஆய்வு நிகழ்த்தும் அனைவர்க்கும் பயன்தர வல்லது.

இக்கட்டுரை 147573952589676412927 என்னும் 21 இலக்க முழு எண்ணை ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றது. 1644ஆம் ஆண்டில் இவ்வெண் பகா எண் என அறிவிக்கப்பட்டது. 1876இல் அது பகு எண் என நிறுவப்பட்டது. எனினும், அதன் காரணிகள் எவை என்பது அப்போது தெரியவில்லை. 1903இல் காரணிகள் வெளியிடப்பட்டன. இந்த 259 ஆண்டுக் காலத்தில் ஒரே எண்ணைப் பற்றி மூன்று வேறுபட்ட தரமுடைய கூற்றுகள் எழுந்தன. அம்மூன்றையும் வேறுபடுத்திக் காண்பதும், மூன்றாவது நிகழ்வைச் சூழ்ந்து வளர்ந்த புகழ்பெற்ற கதையின் சான்றுவலிமையை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

எண்ணின் அமைப்பு

2 என்னும் எண்ணை 67 முறை அடுக்கிப் பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். கணிதக் குறியீட்டில் இது 2⁶⁷ − 1 என எழுதப்படும். கோடிக் கணக்கில் இதனைச் சொல்வதாயின், பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடியும், ஐம்பத்திரண்டு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடியும், அறுபத்து நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழும் ஆகும். வினாடிக்கு ஒன்றாக எண்ணிச் சென்றால் இதனை எண்ணி முடிக்க 4,67,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணியும், அடுத்தடுத்த கட்டங்களில் அதனதன் முந்தியதைப் போல் இருமடங்கும் வைத்துக்கொண்டே செல்லும் பழங்கதையை நாம் அறிவோம். 64 கட்டங்களுக்கும் உரிய மணிகளின் மொத்தத் தொகை 2⁶⁴ − 1 ஆகும். பலகையில் மேலும் மூன்று கட்டங்கள் இருந்திருப்பின், அத்தொகை நாம் ஆராயும் எண்ணாக அமைந்திருக்கும். இரண்டின் அடிமானத்தில் எழுதும்போது இவ்வெண் 67 ஒன்றுகளின் வரிசையாகத் தோன்றும்.

2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்கள் பழங்காலந்தொட்டே ஆராயப்பட்டு வந்தமைக்குக் காரணம் உண்டு. தன்னைத் தவிர்த்த பிற காரணிகளின் கூட்டுத்தொகையே தானாக அமையும் எண் நிறைவெண் எனப்படும். 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. 2இன் ஓர் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண் பகா எண்ணாக இருப்பின், அதனை அதற்கு முந்திய 2இன் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும் என யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவியுள்ளார். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இவ்வடிவினவே என்பதைப் 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். எனவே நிறைவெண்களைத் தேடுவோர் 2² − 1, 2³ − 1, 2⁵ − 1 போன்ற எண்களுள் பகா எண்கள் எவை என்று ஆராய வேண்டியவராயினர்.

அடுக்கு ஒரு பகு எண்ணாக இருப்பின் விளையும் எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 2⁶ − 1 = 63 என்பது 3ஆலும் 7ஆலும் வகுபடுகின்றது. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விளைவும் பகா எண்ணாகும் என்று முடிவு செய்ய இயலாது. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047 என்பதோ 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். இவ்வுண்மை 1536ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் அச்சில் வெளிவந்துவிட்டது. ஆகவே 67 பகா எண் என்பதிலிருந்து 2⁶⁷ − 1இன் இயல்பை நாம் அறிய முடியாது. அதனைத் தனியே ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.

பகுபதமும் பகு எண்ணும்

நம் கணிதக் கல்வியில் வழங்கும் 'பகு எண்', 'பகா எண்' என்னும் சொற்கள், தமிழாசிரியர்க்கு நன்னூலின் பதவியலை நினைவூட்டுவன. பவணந்தி முனிவர் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரிக்கின்றார். 'உண்டான்' என்பது பகுபதம் எனக் கூறும் மாணவன், அதனை உண் + ட் + ஆன் எனப் பிரித்துப் பகுதி, இடைநிலை, விகுதி ஆகியவற்றைக் காட்டுதல் வேண்டும். உறுப்புகளைக் காட்டாமல் 'இது பகுபதம்' என்று மட்டும் கூறும் விடையை எந்த ஆசிரியரும் முழுமையான விடையாக ஏற்பதில்லை.

எண்களைப் பொறுத்தவரையில் நிலைமை சற்று வேறானது. ஓர் எண்ணின் உறுப்புகள் எவை என்பதைச் சிறிதும் அறியாமலேயே, அது பகுபடும் என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவ முடியும். இலக்கணத்தில் ஒன்றாகவே கருதப்படும் இருவேறு செயல்கள் கணிதத்தில் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. 2⁶⁷ − 1இன் வரலாறு இப்பிரிவைத் தெளிவாக விளக்குகின்றது.

மெர்சென் தந்த பட்டியல் (1644)

மரின் மெர்சென் (1588–1648) பாரிசில் வாழ்ந்த கிறித்துவத் துறவி. அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் பலருடன் கடிதத் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டறிந்ததை மற்றவர்க்கு அறிவிக்கும் நடுவராக அவர் விளங்கினார். 1640இல் ஃபெர்மா அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு முக்கியமான பண்பு கூறப்பட்டது. அடுக்கு, 2ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்கும்போது, விளையும் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் அவ்வடுக்கின் இருமடங்கினது ஏதேனும் ஒரு மடங்கைவிட 1 கூடியதாக இருக்கும் என்பதே அது. இதனைக் கொண்டு 2³⁷ − 1 என்பது 223ஆல் வகுபடுவதை ஃபெர்மா கண்டார். 223 என்பது 74இன் மும்மடங்கைவிட 1 கூடியது. 2³⁷ − 1 பகா எண் என இத்தாலியரான கத்தால்டி முன்னர்க் கூறியிருந்த கருத்து இதனால் வீழ்ந்தது.

1644இல் வெளியான தம் நூலின் முன்னுரையில் மெர்சென் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தருவன என்பது அப்பட்டியலின் பொருள். நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. 15 அல்லது 20 இலக்கமுடைய ஓர் எண் பகா எண்ணா அன்றா என அறிய எவ்வளவு காலமும் போதாது என்னும் கருத்தையும் அவரே தெரிவித்துள்ளார். 2⁶⁷ − 1 என்பதோ 21 இலக்கமுடையது. 2²⁵⁷ − 1 என்பது 78 இலக்கமுடையது. ஆகவே இப்பட்டியல் கணக்கிட்டுப் பெற்றதன்று என்பது தெளிவு.

பட்டியலில் உள்ள அடுக்குகளை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். 67 என்பது 64ஐவிட 3 கூடியது. 127 என்பது 128ஐவிட 1 குறைந்தது. 257 என்பது 256ஐவிட 1 கூடியது. 2இன் அடுக்குகளுக்கு அண்மையில் உள்ள எண்களை மெர்சென் சிறப்பாகக் கருதியிருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. 61 என்பதே 67 எனப் பிழையாக அச்சாகியிருக்கலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டும் ஊகங்களே.

இன்றைய அறிவின்படி, 257 வரையுள்ள 55 பகா அடுக்குகளுள் மெர்சென் 50ஐப் பற்றிச் சரியாகவே கூறியுள்ளார். 67, 257 ஆகிய இரண்டும் தவறாகச் சேர்க்கப்பட்டவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை. இவ்வைந்து பிழைகளும் முழுமையாகத் தெளிவு பெற 1947ஆம் ஆண்டு வரை, அதாவது ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அறிஞர் ஒருவரின் பெயர், சான்றில்லாத ஒரு கூற்றை நெடுங்காலம் தாங்கி நிற்கும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. இவ்வகை எண்கள் இன்றும் 'மெர்சென் எண்கள்' என்றே வழங்கப்படுகின்றன.

லூக்காவின் நிறுவல் (1876)

இரண்டாம் கட்டத்திற்கு உரியவர் பிரெஞ்சுக் கணிதவியலரான எடுவார்ட் லூக்கா (1842–1891). ஓர் எண்ணைப் பல எண்களால் வகுத்து வகுத்துப் பார்க்கும் பழைய முறையை விடுத்து, அவ்வெண் பகா எண்ணாயின் எப்பண்பைப் பெற்றிருக்க வேண்டும் என்பதை நேரடியாகச் சோதிக்கும் முறையை அவர் வகுத்தார். பின்னர் 1930இல் அமெரிக்கரான லெமர் அதனைச் செம்மைப்படுத்தினார். அச்செம்மையான வடிவம் பள்ளி மாணவரும் பின்பற்றத்தக்க எளிமை வாய்ந்தது.

முதலில் 4ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்து, வரும் விடையைச் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மீதிக்கும் இவ்வாறே செய்தல் வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இச்செயலைத் திரும்பத் திரும்பச் செய்தபின் மீதி 0 ஆக வந்தால், எடுத்துக்கொண்டது பகா எண். வராவிடின் பகு எண்.

2⁵ − 1 = 31 என்பதைச் சோதிப்போம். இதற்கு மூன்று படிகள் தேவை. 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதனை 31ஆல் வகுக்க மீதி 8, 8இலிருந்து 62, அதனை 31ஆல் வகுக்க மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047ஐ இவ்வாறே சோதித்தால் ஒன்பது படிகளில் முறையே 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்னும் எண்கள் வரும். இறுதி மீதி 0 அன்று. ஆகவே 2047 பகு எண். இச்சோதனையின் எவ்விடத்திலும் 23, 89 ஆகிய காரணிகள் தலைகாட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

1876இல் லூக்கா இருபெரும் முடிவுகளை வெளியிட்டார். 39 இலக்கமுடைய 2¹²⁷ − 1 பகா எண் என்பது ஒன்று; 2⁶⁷ − 1 பகு எண் என்பது மற்றொன்று. முதலாவது மெர்செனின் கூற்றை உறுதிப்படுத்தியது. இரண்டாவது அதனை மறுத்தது. 1894இல் ஃபோகம்பெர்க்கும் 2⁶⁷ − 1 பகு எண்ணே என உறுதிசெய்தார். இதற்கிடையில் 1883இல் உருசிய நாட்டைச் சேர்ந்த பெர்வூஷின், மெர்சென் பட்டியலில் இல்லாத 2⁶¹ − 1 பகா எண் என நிறுவினார்.

இவ்வாறு, மெர்செனின் கூற்று வெளியாகி 232 ஆண்டுகளுக்குப் பின் மறுக்கப்பட்டது. ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. நீண்ட கணக்கின் இறுதியில் மீதி 0 ஆக வரவில்லை என்பதே சான்று. கையால் கணக்கிட்ட அக்காலத்தில் இடையில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் முடிவு பயனற்றதாகிவிடும். அதனைச் சரிபார்க்க விரும்புவோர் முழுக் கணக்கையும் மீண்டும் செய்தாக வேண்டும்.

கோலின் கட்டுரை (1903)

ஃபிராங் நெல்சன் கோல் (1861–1926) நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1896 முதல் 1920 வரை அமெரிக்கக் கணிதவியற் சங்கத்தின் செயலாளர். 1903 அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்த அச்சங்கத்தின் கூட்டத்தில், பேரெண்களைக் காரணிப்படுத்தல் குறித்து அவர் தம் ஆய்வை வழங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் அது சங்கத்தின் இதழில் ஐந்து பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அதன் முடிவு பின்வருமாறு:

147573952589676412927 = 193707721 × 761838257287

இக்காரணிகள் ஃபெர்மா கூறிய பண்புக்கு முற்றும் பொருந்துகின்றன. 67இன் இருமடங்கு 134. 193707721 என்பது 134இன் 14,45,580 மடங்கைவிட 1 கூடியது. 761838257287 என்பது 134இன் 568,53,60,129 மடங்கைவிட 1 கூடியது. மேலும், இத்தகைய காரணிகளை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும் என்பது மற்றொரு விதி. முதற்காரணி 1ஐயும் இரண்டாவது காரணி 7ஐயும் மீதியாகத் தருகின்றன.

இவ்விரு விதிகளை மட்டுமே கொண்டு சிறிய எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருந்தால், 7,22,790ஆவது எண்ணே விடையாக அமைந்திருக்கும். 3, 5, 7 முதலியவற்றால் வகுபடுவனவற்றை விலக்கினாலும் எஞ்சுவன இலட்சக்கணக்கில் இருக்கும். கோல் இருபடி எச்சங்களின் பண்புகளைப் பயன்படுத்தி, காரணிகள் இருக்க இயலாத இடங்களைத் தொகுதி தொகுதியாக விலக்கிச் சென்றார். அவருடைய கட்டுரையின் சிறப்பு, கண்டறிந்த இரு எண்களோடு அவற்றைக் கண்டறிந்த வழியையும் விளக்குவதில் உள்ளது.

முடிவைச் சரிபார்க்க அவ்வழியை அறிய வேண்டியதில்லை. பெருக்கல் அறிந்த எவரும் ஒரு தாளில் இரு எண்களையும் பெருக்கிப் பார்க்கலாம். பெருக்குமுன் ஒன்பதால் வகுக்கும் எளிய சோதனையையும் செய்து பார்க்கலாம். முதற்காரணியின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 37. இரண்டாவதன் கூட்டுத்தொகை 64. பெருக்கற்பலனின் கூட்டுத்தொகை 109. மூன்றும் 9ஆல் வகுக்க மீதி 1 தருவன. 1ஐ 1ஆல் பெருக்க 1. இது முழுச் சான்றாகாது எனினும், பெருக்கலில் நேரும் பல பிழைகளை இது காட்டிக் கொடுக்கும்.

பெல் கூறிய கதை

கோலின் பெயர் இன்று பரவலாக அறியப்பட்டிருப்பது அவருடைய கட்டுரையால் அன்று. அதைப் பற்றிய ஒரு கதையால்தான். கோல் மேடைக்கு வந்து ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1ஐக் கழித்தார். பின்னர்ப் பலகையின் மற்றொரு பகுதியில் இரு எண்களை எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவையோர் கைதட்டி ஆரவாரித்தனர். கோல் வாய் திறவாமலே தம் இருக்கைக்குத் திரும்பினார் என்பது அக்கதை. எவ்வளவு காலம் பிடித்தது எனப் பின்னர்க் கேட்கப்பட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என அவர் விடையளித்தாராம்.

இக்கதை பரவியது எரிக் டெம்பிள் பெல் என்னும் கணிதவியலர் 1951இல் வெளியிட்ட நூலின் வழியாக ஆகும். வரலாற்று ஆய்வு நெறிப்படி இச்சான்றை மதிப்பிடுதல் வேண்டும். முதலாவதாக, நிகழ்வுக்கும் நூலுக்கும் இடையே 48 ஆண்டுகள் உள்ளன. இரண்டாவதாக, 1903இல் பெல் நியூயார்க்கில் இல்லை. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். ஆகவே அவர் நேரிற் கண்ட சாட்சி அல்லர். மூன்றாவதாக, கோலிடம் வினவியதாக அவர் குறிப்பிடும் ஆண்டு 1911. அக்காலத்தில் அவர் கொலம்பியாவில் பயின்று 1912இல் முனைவர் பட்டம் பெற்றார் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகள் பற்றிய செய்தி நேரிற் கேட்டதாக இருக்க வாய்ப்புண்டு. நான்காவதாக, பெல் சுவைக்காக வரலாற்றை மிகைப்படுத்துபவர் என்னும் குறை உண்டு. கால்வாவின் இறுதி இரவைப் பற்றி அவர் 1937இல் எழுதியது பெரிதும் புனைவு கலந்தது என்பதை டோனி ராத்மன் 1982இல் விளக்கினார். பெல் தம் இளமை வாழ்வையே மறைத்தும் மாற்றியும் கூறினார் என்பதைக் கான்ஸ்டன்ஸ் ரீடு 1993இல் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிப்படுத்தியது.

இவற்றைக் கொண்டு கதை முழுவதும் பொய் என ஒதுக்குதலும் முறையாகாது. கூட்டம் நிகழ்ந்தது, கட்டுரை வெளிவந்தது, காரணிகள் சரியானவை. இவை உறுதியானவை. பேசாமை, கைதட்டல் ஆகியவை ஒருவரின் பிற்காலக் கூற்றை மட்டுமே சார்ந்தவை. இவ்விரு வகைச் செய்திகளையும் ஒரே தரத்தில் வைத்து எழுதுவதே பிழை. கதையின் கவர்ச்சி மற்றொரு தீங்கையும் விளைத்துள்ளது. மெர்செனின் கூற்றைத் தகர்த்தவர் கோலே எனப் பல நூல்கள் எழுதுகின்றன. அதற்கு 27 ஆண்டுகள் முன்னரே அதனை மறுத்த லூக்கா அவற்றில் மறைந்துபோகின்றார். மெர்செனின் சொல்லை ஆய்வின்றி ஏற்க மறுத்த கணித உலகம், பெல்லின் சொல்லை ஆய்வின்றி ஏற்றுப் பரப்பியது என்பது எண்ணத்தக்கது.

மூவகைக் கூற்றுகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று படிநிலைகள் புலனாகும். மெர்செனின் கூற்றை ஏற்பவர் அவருடைய பெயரை நம்பியே ஏற்க வேண்டும். லூக்காவின் முடிவை ஏற்பவர் அவருடைய தேற்றத்தை உணர்ந்து, நெடிய கணக்கையும் சரிபார்த்து ஏற்க வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை. கோலின் விடையை ஏற்பவர்க்குப் பெருக்கல் ஒன்றே போதும். கூற்றுக்கு உரியவரின் தகுதியைச் சார்ந்திருக்கும் நிலை படிப்படியாகக் குறைந்து, இறுதியில் அற்றுப்போவதை இங்குக் காண்கின்றோம். கண்டறிவது எவ்வளவு அரிதாயினும், கண்டறிந்ததைச் சரிபார்ப்பது எளிதாக இருத்தல் சான்றின் உயர்நிலை எனலாம்.

கண்டறிதலுக்கும் சரிபார்த்தலுக்கும் இடையிலான இவ்வேறுபாடு பின்னர் நடைமுறைப் பயனும் பெற்றது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் வகுத்த மறையீட்டு முறை, இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது, பெருக்கற்பலனிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது என்னும் உண்மையையே அடித்தளமாகக் கொண்டது. அவ்வாண்டில் அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண்ணின் காரணிகள், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு 1994இலேயே கண்டறியப்பட்டன.

மெர்சென் எண்களின் தேடலும் தொடர்கின்றது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அடுக்கு 13,62,79,841 உடைய மெர்சென் பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதுவும் லூக்கா வழிவந்த சோதனையால் உறுதிசெய்யப்பட்டதே. கோல் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற காரணிகளை இன்றைய கணினி ஒரு வினாடிக்குள் தந்துவிடும். எனினும், லூக்காவுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் 2⁶⁷ − 1 இருந்த அதே நிலையில் வேறு எண்கள் உள்ளன. 385 இலக்கமுடைய 2¹²⁷⁷ − 1 பகு எண் என்பது உறுதி. ஆயினும் 2024ஆம் ஆண்டு இறுதி வரையில் அதன் ஒரு காரணியும் கண்டறியப்படவில்லை.

முடிவுரை

147573952589676412927 என்னும் எண்ணின் இயல்பு 1644இலும் 1876இலும் 1903இலும் ஒன்றாகவே இருந்தது. அதைப் பற்றிய கூற்றுகளின் தரமே மாறியது. ஒரு கூற்று யார் கூறியது என்பதால் நிற்கின்றதா, எவ்வாறு நிறுவப்பட்டது என்பதால் நிற்கின்றதா, கேட்பவர் தாமே சரிபார்க்க இயல்வதால் நிற்கின்றதா என்னும் வினாக்கள் கணிதத்திற்கு மட்டும் உரியன அல்ல. நூலாசிரியரின் காலம், பாடவேறுபாடு, கல்வெட்டின் வாசிப்பு ஆகியவற்றை ஆராயும் தமிழாய்விலும் இவ்வினாக்கள் எழுதல் வேண்டும். முன்னோர் ஒருவர் கூறினார் என்பதற்காகவே வழிவழியாக எடுத்தெழுதப்படும் செய்திகள் நம் துறையிலும் இல்லாமலில்லை.

வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகைக் கதையைக் கதை என்று சொல்லியே கூறலாம். அதன் சுவை அதனால் குன்றிவிடாது. பின்னர் இரு காரணிகளையும் எழுதி, மாணவரையே பெருக்கச் செய்யலாம். 1903இல் அக்கூட்டத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை இனி எவரும் நேரிற் சரிபார்க்க இயலாது. அங்கு வழங்கப்பட்ட விடையை ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே சரிபார்க்க இயலும். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர், அடுத்து எந்நூலைப் படிப்பினும் அதில் கூறப்படுவதற்குச் சான்று யாது என வினவக் கற்றிருப்பார்.